பெட்டிக்குத் தைத்த உறை

கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் நன்றி என்று சொல்லாத மனுஷன், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரசஞ்சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "நன்றி வளர்மதி, ரசம் ரொம்ப அருமையா இருந்தது" என்று சொன்னால் எந்தப் பெண்சாதிக்குத்தான் சந்தேகம் வராது? வளர்மதிக்கு வந்தது. கரண்டியும் கையுமாக நின்றபடி புருஷன் முகத்தைப் பார்த்தாள். சென்னியப்பன் சக்கர நாற்காலியில் எப்போதும்போல வலப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேசியது அவர் வாய் இல்லை, நாற்காலியின் இடது கைப்பிடியில் மாட்டியிருந்த பெட்டி. ஆனால் குரல் அவருடையதுதான்.

"என்னுங்க? என்ன சொன்னீங்க?"

"எனக்காக எவ்வளவு கஷ்டப்படறே. நீ சாப்பிட்டியா?" என்றது பெட்டி.

வளர்மதி கரண்டியைக் கீழே வைத்தாள். இந்த வீட்டில் அவள் சாப்பிட்டாளா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அதோடு, சென்னியப்பன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. 'ஏ புள்ள' என்பார், கோபம் வந்தால் 'இந்தா' என்பார், அவ்வளவுதான். இது யாருடைய வாய் என்று அவள் மனசுக்குள் ஒரு கேள்வி முளைத்தது. முளைத்தது வாடவே இல்லை.

சென்னியப்பன் சிங்காநல்லூருக்கு அப்பால் ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். மில்லுக்குள் காற்றை ஈரமாக வைத்திருக்கும் பிளாண்ட் அவர் பொறுப்பு. காற்று காய்ந்துவிட்டால் நூலில் ஸ்டேட்டிக் என்கிற உராய்வு மின்சாரம் ஏறும், ரோலரில் ஒட்டும், அறுந்து போகும், வேலை செய்கிறவர்கள் கையில் சுருக் சுருக்கென்று அடிக்கும். அதை அடக்கி வைப்பதுதான் அவர் பிழைப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பிளாண்டிலேயே விழுந்தார். மூளையின் அடித்தண்டில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. நினைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். வலக்கை, வலக்கால், நாக்கு மூன்றும் போயின. இடக்கையால் ஒரு டம்ளரைத் தூக்க முடியும், துணியை இழுக்க முடியும். பேனாவைக் கொடுத்தால் கோழி கிளறியதுபோல் ஆகிவிடும்.

அதற்காக வந்ததுதான் பெட்டி. கழுத்தில் ஒரு பட்டை கட்டியிருக்கும். பேச நினைக்கும்போது தொண்டைத் தசையில் வருகிற சின்னத் துடிப்பை அது எடுத்துக் கொடுக்கும். பெட்டி அதைக் கூட்டிச் சொல்லாக்கி, பழைய வீடியோக்களிலிருந்து எடுத்த அவர் குரலிலேயே சொல்லும். அவர் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும் வரை ஒரு பச்சை விளக்கு எரியும், முடிந்ததும் அணையும். ஒரு வாக்கியத்துக்கு நாலு நிமிஷம். வந்து பார்த்த சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாரும் பாதியிலேயே, "செரிங்க, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று எழுந்து போனார்கள். பச்சை விளக்கு அவர்கள் போன பிறகும் எரிந்துகொண்டிருக்கும்.

"பெட்டிக்குள்ள போடற புது கார்டு வந்திருக்கும்மா. டக்கு டக்குனு பேசும். நாமளே வீட்டுல மாத்திக்கலாம், வெறும் பத்து நிமிச சோலி" என்றாள் மகள் நேத்ரா. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், அவள் சொன்னால் சரிதான்.

பத்து நிமிஷ வேலை அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் ஆனது. காரணம் சென்னியப்பன். வெள்ளி நிற உறையில் வந்த கார்டை நேத்ரா சோபாவில் உட்கார்ந்து பிரிக்கப் போனதும் பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"தரையை... ஈரத்துணி... போட்டுத் தொடை."

"அப்பா, இது உங்க மில்லு இல்லீங்கப்பா."

மறுபடி விளக்கு. "சோபா... வேண்டாம். பாலியஸ்டர்... மாத்து."

நேத்ரா முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பருத்திச் சுடிதார் போட்டு வந்தாள். வளர்மதி தரையைத் துடைத்தாள். மரமேஜைமேல் நூல் துண்டை விரித்தார்கள். நேத்ரா உடம்பில் ஏறும் மின்சாரத்தை மண்ணில் இறக்கும் வார் ஒன்றை மணிக்கட்டில் கட்டி, அதன் கிளிப்பை ஜன்னல் கம்பியில் மாட்டினாள். சென்னியப்பன் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பஞ்சுக் குடோனில் பீடி பற்ற வைத்தவனைப் பார்க்கிற பார்வை.

"கம்பி... மண்ணுக்குப்... போகலை."

கடைசியில் போர் மோட்டாருக்கு மண்ணில் புதைத்திருந்த எர்த் தகட்டிலிருந்து ஒரு செம்புக் கம்பியை ஜன்னல் வழியாக இழுத்து வந்து, கிளிப்பை அதில் மாட்டிய பிறகுதான் விளக்கு அணைந்தது. அப்போது பார்த்து வாசலில் கேஸ்காரர் கூப்பிட்டார். வளர்மதி சிலிண்டரை வாங்கி வைத்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. நேத்ரா பழைய கார்டை அந்த வெள்ளி உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். "இதைத் தூக்கிப் போட்டர்றம்மா" என்றாள்.

புதன்கிழமை சீப்பைத் தேடி மகளின் கைப்பையைத் திறந்தபோது, அந்த வெள்ளி உறை உள்ளேயே இருந்தது. தூக்கிப் போடுகிறேன் என்றவள் எதற்கு ஒளித்து வைத்திருக்கிறாள்? வளர்மதி பையை மூடினாள். கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவர்களுக்குக் கேட்பதில் ருசி இருக்காது, கவனிப்பதில்தான் இருக்கும்.

கவனிக்க நிறைய இருந்தது. பெட்டி இப்போது நிறுத்தாமல் பேசியது. டக்கு டக்கென்று, நடுவில் விளக்கே எரியாமல். டி.வி. கவரில் தொடங்கி மிக்ஸி கவர் வரை தைத்து வைத்திருக்கும் வளர்மதி, புது கார்டு போட்ட பெட்டிக்கும் ஒன்று தைத்தாள். யாரோ கல்யாணத்தில் வைத்துக் கொடுத்த அரக்கு நிறப் பாலியஸ்டர் ரவிக்கைத் துணி, ஓரத்தில் கொசுவம் வைத்து. ராத்திரி போட்டு மூடுவது, காலை ஏழு மணிக்குக் கழற்றி மடித்து நாற்காலியின் இடப்பக்கப் பையில் செருகுவது. முதல்முறை காட்டியபோது சென்னியப்பன் தலையை இப்படியும் அப்படியும் பலமாக ஆட்டினார்.

"அழகா இருக்கு வளர்மதி. கழுத்து பிடிச்சிருக்கு, அதான் ஆட்டறேன். கொஞ்சம் தைலம் போடறியா?" என்றது பெட்டி.

தைலம் போட்டாள். கழுத்துப் பட்டையை அவர் இடக்கையால் இழுத்து இழுத்துக் கழற்றினார். "அரிக்குது" என்றது பெட்டி. பட்டைக்கு அடியில் தேங்காய் எண்ணெய் தடவி மறுபடி கட்டிவிட்டாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "உன் அன்பை நினைச்சா கண்ணு கலங்குது" என்றது பெட்டி. வளர்மதி முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு அப்படியே தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். சந்தேகத்தை இடுப்பில் முடிந்து வைத்துக்கொண்டே சந்தோஷமாகவும் இருக்கலாம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை வெடித்தது. நேத்ராவோடு வேலை பார்க்கும் இனியன் என்கிற பையனை அவள் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆறு மாதமாக ஒற்றைக் காலில் நின்றாள். பையன் இவர்கள் சாதி இல்லை. போன மாதம் பழைய கார்டு இருந்தபோது அப்பாவிடம் கேட்டதற்கு, அரை நிமிஷம் பச்சை விளக்கு எரிந்து, "வேண்டாம்" என்று ஒரே சொல் வந்தது. இப்போது நேத்ரா ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா சம்மதிச்சுட்டாரும்மா! உன் விருப்பம்தான் என் விருப்பம்னு சொல்லிட்டாரு!"

வளர்மதிக்குச் சுருக்கென்றது. வெள்ளி உறை, ஒளித்து வைத்த கார்டு, கேஸ்காரர் வந்த அந்தப் பத்து நிமிஷம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மகள் ஆபீஸ் போகும்வரை காத்திருந்து நாற்காலி எதிரில் போய் நின்றாள்.

"ஏனுங்க, அந்தப் பையனுக்குச் சரின்னு சொன்னீங்களாமே?"

"நீ சொல்றதுதான் சரி வளர்மதி. இந்தக் கல்யாணம் வேண்டாம்."

"அப்ப அவகிட்ட ஏன் சரின்னீங்க?"

"உன் மனசு கஷ்டப்படக் கூடாது. நீ சாப்பிட்டியா?"

சாயங்காலம் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள். பெட்டி ஒரு நிமிஷம் சும்மா இருந்தது. பிறகு, "தூக்கம் வருது" என்றது. சென்னியப்பன் கண்ணை அகல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெட்டிக்குள்ள என்னடி பண்ணி வெச்சே?" என்று கேட்டேவிட்டாள் வளர்மதி.

"நானா? அப்பா வாயால சொன்னாக்கூட உனக்கு நம்பிக்கை வராதா?"

"அது அவரு வாய்தானான்னுதான் கேக்கறேன்."

நேத்ரா பேச்சை முறித்துக்கொண்டாள். தாயும் மகளும் ஒரே வீட்டில் ஒருத்தியை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நடமாடினார்கள். வளர்மதி கண்ணில் பட்டதெல்லாம் குற்றமாகவே பட்டது. பெட்டியின் பக்கவாட்டில் கார்டு செருகும் வாய்க்கு ஒரு ரப்பர் மூடி உண்டு. அது தினமும் கழன்று கிடந்தது, ஒரு நாள் நாற்காலி மெத்தைக்கு அடியிலேயே இருந்தது. நேத்ராதான் கழற்றி என்னவோ செய்கிறாள். ஏ.சி.யே பிடிக்காத மனுஷன் அறையில் மத்தியானமெல்லாம் ஏ.சி. ஓடியது. ரிமோட்டை அவர் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்ததும் இவள்தான். பதினோரு மணிக்கு ஈரத்துணியோடு அறைக்குள் நுழைந்தால், தரையைத் துடைக்கவிடாமல் அவர் இடக்கையை ஆட்டி விரட்டினார். தன்னைக் கண்டாலே ஆகாதபடி அப்பாவையும் மாற்றிவிட்டாள்.

இப்படி இருக்கும்போது, கார்டு போட்ட இருபதாம் நாள் சனிக்கிழமை, தட்டை எடுக்கப் போன வளர்மதியைப் பார்த்து, "வளர்மதி, நீ சாப்" என்றது பெட்டி. அத்தோடு நின்றது. எவ்வளவு தட்டியும் வாய் திறக்கவில்லை. உள்ளே கரண்ட் இருக்கிறது, பேச்சு இல்லை.

மறுநாள் ஞாயிறு என்றும் பார்க்காமல் பெட்டிக் கம்பெனி ஆள் வந்தார். ஜெரால்டு என்று பெயர், நாற்பது வயசு, முன்வழுக்கை. ஒரு சின்ன மிஷினைப் பெட்டியில் சொருகிப் படித்தவர், உதட்டைப் பிதுக்கினார்.

"கார்டு மாத்துனது யாருங்க?"

"நான்தான். ஏன்?" என்றாள் நேத்ரா.

"ஸ்டேட்டிக் அடிச்சிருக்குங்க. வீட்டுல மாத்தறவங்க பண்ற தப்புதான் இது. மனுசன் உடம்புக்கு மூவாயிரம் வோல்ட் ஏறினாத்தான் சுருக்னு தெரியும். கார்டுக்கு நூறு போதுங்க, காயம் பட்டுரும். நமக்குத் தெரியவே தெரியாது."

"நான் வார் கட்டித்தான் பண்ணினேன். எர்த் கம்பி அதோ தொங்குது பாருங்க. பருத்தி போட்டு, தரையைத் துடைச்சு... காயம் பட்டிருந்தா அன்னிக்கே செத்திருக்கணுமில்ல?"

"அதான் இதுல இருக்கற விசயமே. உடனே சாகாது. நல்லாத்தான் இருக்கற மாதிரி இருக்கும், பத்து நாள் இருபது நாள் கழிச்சுப் பொட்டுனு போகும்." அவர் மிஷினை மறுபடி பார்த்தார். "ஆனா நீங்க மாத்துன ஞாயித்துக்கிழமை ஒரு அடியும் இல்லைங்க. மொத அடி அதுக்கடுத்த வெள்ளிக்கிழமை. அப்பறம் தினமும் ஒண்ணு ரெண்டு. எல்லாம் மத்தியானம் ரெண்டே முக்கால் சுமாருக்கு. அந்த நேரத்துல வீட்டுல யாருங்க இருப்பாங்க?"

நேத்ரா மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை. அப்பா சம்மதம் சொன்னதுக்கு மறுநாள்" என்றாள். "நீதானம்மா? அந்தக் கல்யாணம் பிடிக்கலைன்னு அப்பா பேச்சையே அடைச்சுட்டியா?"

வளர்மதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இருபது நாளாகத் தான் மகள்மேல் வீசிய பார்வை இப்போது தன்மேல் விழுகிறது. அது எப்படிக் கூசும் என்று தெரிந்தது.

ஜெரால்டு சண்டையை விலக்குகிறவர்போலக் குறுக்கே வந்தார். நாற்காலிப் பையிலிருந்து உறையை எடுத்து ரெக்சின் சீட்டில் நாலு இழுப்பு இழுத்தார். சடசடவென்றது. அவர் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

"வேணும்னு யாரும் பண்ணலைங்க. இதுதான் காரணம். சுத்தமான பாலியஸ்டரு. கழட்டி மாட்டறப்ப எல்லாம் ஏறும். ஏ.சி. வேற ஓடுது, காத்து காஞ்சு கெடக்கு. சக்கரம் ரப்பரு, அதனால மண்ணுக்கும் எறங்காது. டி.வி.க்கு மாட்டற மாதிரி இதுக்கும் உறை தைச்சுட்டீங்க, பெட்டிக்குப் பாசமே எமனாப் போச்சு."

நேத்ராவின் முகம் இளகியது. "ஐயோ அம்மா" என்றாள்.

 வளர்மதியின் மனசு ஒரு இடத்தில் போய் நின்றுவிட்டது. உறையை அவள் கழற்றுவது காலை ஏழு மணிக்கு. ரெண்டே முக்காலுக்கு அவள் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள், பிறகு பின்கட்டில் பாத்திரம் தேய்ப்பாள். அந்த நேரத்தில் இந்த அறையில் இருப்பது ஒரே ஆள்தான்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுங்களா? இந்தப் புது கார்டு எப்படிங்க இவ்வளவு வேகமாப் பேசுது?"

"பழசு அய்யா சொல்ற வார்த்தைக்காகக் காத்திருக்கும்மா. புதுசு காத்திருக்காது. அரை வார்த்தை கெடைச்சாப் போதும், மிச்சத்தை அதுவே போட்டு நிரப்பிக்கும். எதிர்ல இருக்கறவங்க மூஞ்சியையும் பாக்கும், இந்தா, இந்தச் சின்னக் கண்ணாடி. எதைச் சொன்னா மூஞ்சி மலருதோ, அந்த மாதிரிப் பேச்சையே இன்னும் எச்சாப் பேசும். கம்பெனிக்கு வர்ற பாராட்டெல்லாம் அதுக்குத்தான். வீடே மாறிப்போச்சுன்னு அழுவாங்க."

"அந்த அரை வார்த்தையும் கெடைக்கலைன்னா?"

ஜெரால்டு மிஷின் வயரைச் சுருட்டத் தொடங்கினார். "அப்பவும் பேசுமுங்க" என்றார்.

நேத்ரா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தான் கேட்டு வாங்கிய சம்மதம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் விளங்கிவிட்டது. வளர்மதிக்கு வேறொன்று விளங்கியது. கேட்காமலே கிடைத்தது என்று நினைத்த அந்த நன்றியை, அந்த 'நீ சாப்பிட்டியா'வை, அவள் முகம் கேட்டிருக்கிறது. இருபத்தொன்பது வருஷமாகக் கேட்டிருக்கிறது. ஒரு மிஷின்தான் அதைப் பார்த்திருக்கிறது.

"விபத்துதானுங்க, அதனால புது கார்டு கம்பெனியே தரும். புதன்கிழமை வந்துரும்" என்று எழுதிக்கொண்டு ஜெரால்டு கிளம்பினார். நேத்ரா அவரை வழியனுப்ப வாசலுக்குப் போனாள்.

வளர்மதி நாற்காலியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். உறையை எடுத்து அவர் கண்ணெதிரில் காட்டினாள்.

"காத்தைக் காய விடாம முப்பத்தொரு வருசம் காத்துக் கெடந்தவரு நீங்க. உங்களுக்குத் தெரியாததா? ஏ.சி. போட்டதும் நீங்க. தரையைத் தொடைக்க விடாதவரும் நீங்க. மூடியைக் கழட்டி மெத்தைக்கடியில வெச்சதும் நீங்க. இதை சீட்டுல தேய்ச்சுத் தேய்ச்சு, விரலை அந்த ஓட்டைக்குள்ள வெச்சீங்க. தினமும். அடிச்சிருக்குமே உங்களுக்கும்?"

சென்னியப்பன் அவளைப் பார்த்தார். பிறகு தலையை மேலும் கீழும் ஒருமுறை ஆட்டினார்.

"அது பேசுனதுல எதுவுமே நீங்க பேசுனதில்லையா?"

தலை இப்படியும் அப்படியும் அசைந்தது. கழுத்து பிடித்திருக்கிறது என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. இருபது நாளாக அவர் ஆட்டிய தலையெல்லாம் வளர்மதியின் நினைவில் வந்தது. தைலம் போட்டது, எண்ணெய் தடவியது, பிய்த்தெறிந்த பட்டையை ஒவ்வொரு தடவையும் தன் கையாலேயே திரும்பக் கட்டியது, எல்லாம். ஒரு மனுஷனை உட்கார வைத்து, அவன் கண்ணெதிரில் அவனுக்குப் பதிலாக வேறொருவனோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள். அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவர் இடக்கை அவள் தலைமேல் வந்து கிடந்தது. சுருக்கென்று ஒரு சின்ன அடி அடித்தது. அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

ஒன்று மட்டும் அவள் கேட்கவில்லை. அதைக் கேட்கப் பயமாக இருந்தது.

நேத்ரா திரும்பி வந்தபோது, "புது கார்டு வேண்டாம்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லிரு. உறை என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா பழசே போதும்" என்றாள் வளர்மதி. பிறகு நேராகக் கேட்டாள். "உன் பையில இருக்கற வெள்ளி உறையை எடு."

நேத்ரா திகைத்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?" அம்மா கையை நீட்டினாள். மகள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "தூக்கிப் போடறேன்னுதான் எடுத்தேன். மனசு வரலை. மூணு வருசம் அப்பா பேசுனது பூரா அதுலதானே இருக்கு."

இந்தப் பெண்ணையா சந்தேகப்பட்டோம் என்று வளர்மதிக்கு வெட்கமாக இருந்தது. தன் பங்குக்கு அவளும் அம்மாவைச் சந்தேகப்பட்டுவிட்டாள் என்றும் தோன்றியது. இருவரும் சேர்ந்து ஏ.சி.யை அணைத்துத் தரையை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தார்கள். பருத்திச் சுடிதார், நூல் துண்டு, மணிக்கட்டு வார், செம்புக் கம்பி. ஒவ்வொன்றுக்கும் சென்னியப்பன் முகத்தைப் பார்த்தார்கள், ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். கழுத்துப் பட்டையைக் கட்டும் முன், "கட்டட்டுங்களா?" என்று வளர்மதி கேட்டாள். அதற்கும் ஆட்டினார்.

பச்சை விளக்கு எரிந்தது.

"அன்னிக்கு... சரின்னது... நானில்லை."

"தெரியுங்கப்பா" என்றாள் நேத்ரா.  "அப்ப, போன மாசம் சொன்ன வேண்டாம்தானா?"

விளக்கு அணையவில்லை. நேத்ரா எழுந்திருக்கப் போனாள், வளர்மதி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எதிர்வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது.

"வரச் சொல்லு. நான்... பேசி முடிக்கிற... வரைக்கும்... உக்கார்றானா... பாப்பம்."

நேத்ரா அப்பாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். வளர்மதிக்கு அந்தப் பையன்மேல் இன்னும் சந்தேகம்தான். ஆனால் இது நல்ல பரீட்சை என்று பட்டது. இந்த ஊரில் எத்தனை பேர் இதில் தேறினார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

மத்தியானம் ரசஞ்சோறு ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். பச்சை விளக்கு எரியவில்லை, நன்றியும் வரவில்லை. தட்டை வைத்துவிட்டு, பயத்தை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, தினமும் நீ சாப்பிட்டியான்னு அது கேட்டுச்சே. அதுல ஒரு நாளாவது, ஒரு தடவையாவது, நீங்க கேட்டீங்களா?"

விளக்கு எரிந்தது. அவர் நெற்றி சுருங்கியது. தொண்டை ஏறி இறங்கியது.

"இல்லை."

தெரிந்த பதில்தான்.  பரவாயில்லை என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசற்படி வரை போனவள் என்னவோ தோன்றித் திரும்பிப் பார்த்தாள். பச்சை விளக்கு அணையவே இல்லை. எல்லாரும் பாதியில் எழுந்து போவதுபோல அவளும் போகப் பார்த்திருக்கிறாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம், ரெண்டு, மூன்று. தட்டில் ஒட்டிய பருக்கை காய்ந்தது.

"சாப்ட்டியா... புள்ள?"

வளர்மதி தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, பட்டுத் தெளிந்தவள் இல்லையா, எழுந்து ஜன்னலோரம் தொங்கிய செம்புக் கம்பியில் கையை வைத்து எடுத்தாள். அந்தக் கையால் பெட்டியின் ரப்பர் மூடியை விலக்கி, குனிந்து உள்ளே பார்த்தாள். ஓரம் மஞ்சளித்த பழைய கார்டுதான். மூடியைத் திரும்ப அழுத்திப் பொருத்தினாள்.

"இன்னும் இல்லீங்க" என்றாள்.